கண்டவர் கடன்

சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு ஒரு மாலை, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் தாயார் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, நீங்களாவது இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. நேத்து மத்தியானத்திலிருந்து சோறு வேண்டாங்கிறான்" என்றார். விசாரித்தபோது விவரம் தெரிந்தது. வயதுப் பிரிவுக் கிரிக்கெட் அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போயிருக்கிறான். வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றபின் ஆறு பந்துகள் வீச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பட்டியல் வாசிக்கப்பட்டபோது அவன் பெயர் இல்லை. அவ்வளவுதான் செய்தி.

குருவானவர் ஒருவர் சொல்லக்கூடியதை நானும் சொன்னேன். "யார் பார்க்காவிட்டாலும் இறைவன் பார்க்கிறார் தம்பி. உன் உழைப்பு வீண்போகாது." முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நோயாளிகளிடமும், வேலை இழந்தவர்களிடமும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோரிடமும் சொல்லிச் சொல்லி நாவில் பழகிப்போன வாக்கியம் அது. சிறுவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஃபாதர், நான் பந்து போடறத நீங்க பார்த்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. நல்லம்பள்ளிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பையன்கள் விளையாடும் பொட்டல் வெளி என் அறைச் சன்னலிலிருந்து நூறு அடிகூட இராது. மாலை வேளைகளில் அவர்களுடைய கூச்சல் கட்டளைச் செபத்துக்கு இடையூறாக இருக்கிறதென்று அந்தச் சன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? "வேலை அதிகம் தம்பி" என்று ஏதோ முணுமுணுத்தேன். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. தாயும் மகனும் வணக்கம் சொல்லிப் புறப்பட்டார்கள்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தகுதியிருந்தும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவனுக்கு மற்றவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? பரிசா, ஆறுதலா, அனுதாபமா? அல்லது ஒன்றுமே இல்லையா? எண்ணிக்கொண்டிருந்தபோது என் குருமட நாள்களில் நான் பெரிதும் மதித்த பேராசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

அவர் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்தவர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். கண்டிப்பானவர். சிரிப்பது அரிது. ஆனால் மாலை உலாவின்போது யாராவது கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் போதும், 1960களின் சேப்பாக்கத்துக்குப் போய்விடுவார். அவர் பேச்சில் பட்டோடியோ கவாஸ்கரோ அதிகம் வரமாட்டார்கள். வி.வி. குமார் என்ற சுழற்பந்து வீச்சாளர்தான் வருவார். மணிக்கட்டைச் சுழற்றி வீசும் 'லெக் ஸ்பின்' என்ற கலை எவ்வளவு கடினமானது, விரல்களால் வீசுபவனைப் போல அதை அடக்கியாள முடியாதென்பது எப்படி, அந்த அடங்காத கலையை வைத்துக்கொண்டு குமார் எப்படி நாள் முழுவதும் ஒரே இடத்தில் பந்தை விழச் செய்தார், வெளியே திரும்பும் என்று மட்டையாளன் எண்ணிய பந்து 'கூக்ளி'யாக உள்ளே திரும்பும்போது அவன் முகம் எப்படி மாறும் என்றெல்லாம் விவரிப்பார். விவரிக்கும்போது தன்னை அறியாமலேயே அங்கியின் கைப்பகுதியை மடித்துக்கொள்வார்.

அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, குமார் என்பவர் இந்தியாவுக்காக அறுபது எழுபது டெஸ்ட் போட்டிகள் ஆடிய மாவீரர் என்றே நான் எண்ணியிருந்தேன். மூன்றாம் ஆண்டில் நூலகத்தில் பழைய கிரிக்கெட் நூல் ஒன்று அகப்பட்டது. தேடிப் பார்த்தேன். வி.வி. குமார், டெஸ்ட் போட்டிகள் இரண்டு. அச்சுப் பிழையென்று எண்ணி மறுபடியும் பார்த்தேன். இரண்டேதான்.

அன்று மாலை பேராசிரியரிடம் கேட்டேன். "ஃபாதர், இதை ஏன் எங்களுக்கு நீங்கள் சொல்லவேயில்லை?" அவர் நின்றார். "அவர் எப்படிப் பந்து வீசினார் என்றல்லவா உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு நடக்கத் தொடங்கினார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

குமாரின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்வது பொருந்தும். 1935ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். 1955-56இல் தொடங்கி 1976-77 வரை இருபதாண்டுகளுக்கும் மேலாக முதல்தரப் போட்டிகளில் ஆடியவர். 1961 பிப்ரவரியில் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்த ஐந்தாவது டெஸ்டில், இருபத்தைந்தாம் வயதில், இந்தியாவுக்காக முதன்முதல் களமிறங்கினார். முதல் இன்னிங்ஸில் 64 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள். இரண்டாவதில் 68 ரன்களுக்கு 2 விக்கெட்டுகள். அறிமுக ஆட்டத்திலேயே ஐந்து விக்கெட் எடுப்பது எல்லாருக்கும் வாய்ப்பதன்று. அந்தத் தொடரின் ஐந்து போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. அப்படிப்பட்ட வறண்ட தொடரில் அது நிச்சயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. இங்கிலாந்து 500 ரன்களைக் குவித்த அந்த ஆட்டத்தில் குமார் 70 ரன்களைக் கொடுத்தார். விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பின் இந்திய அணிக்காக டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்கு என்றுமே வரவில்லை.

அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் பந்து வீசினார். 129 முதல்தரப் போட்டிகளில் 599 விக்கெட்டுகள், விக்கெட் ஒன்றுக்கு இருபது ரன்களுக்கும் குறைவாக. அறுநூறுக்கு ஒன்று குறைவு! அந்த ஒன்றைப் பற்றி வருந்துகிற அன்பர்கள் பலர் உண்டு. எனக்கோ அந்த எண் பிடித்திருக்கிறது. முழு எண்ணாக்கிக் காட்ட வேண்டும் என்ற கவலை இல்லாத ஒரு கணக்கு அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை அணி ரஞ்சிக் கோப்பையை முதன்முதல் வென்றது 1954-55இல், குமார் ஆடத் தொடங்குவதற்கு முந்திய பருவத்தில். தமிழ்நாடு அதை மீண்டும் வென்றது 1987-88இல், அவர் ஆடி முடித்துப் பத்தாண்டுகள் கழிந்தபின். இரண்டு அறுவடைகளுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் உழுதுகொண்டிருந்தவர் அவர்.

இவ்வளவையும் கேட்டவுடன் "யார் செய்த அநீதி இது?" என்றுதான் நம் மனம் கேட்கும். நானும் கேட்டேன். விடை தேடியபோது வியப்பே மிஞ்சியது. குமார் விலக்கப்பட்ட அந்த 1961-62 தொடரில்தான் இந்தியா, இங்கிலாந்தை முதன்முதலாக ஒரு டெஸ்ட் தொடரில் வென்றது. கல்கத்தாவிலும் சென்னையிலும் கிடைத்த இரண்டு வெற்றிகளுக்குச் சலீம் துரானியின் சுழற்பந்து பெருங்காரணமாக இருந்தது. சென்னையில் மட்டும் அவர் பத்து விக்கெட்டுகள் எடுத்தார். 1962 சனவரியில், குமாரின் சொந்த ஊரிலேயே, குமார் இல்லாமல், நாடு வென்றது. அப்படியானால் தேர்வுக் குழுவை எப்படிக் குற்றம் சொல்வது? பின்னர் பிரசன்னா வந்தார். 1964இல் சந்திரசேகர் வந்தார். அடுத்து நம் வெங்கட்ராகவன், பேடி. இந்த நால்வரும் சேர்ந்து டெஸ்ட் போட்டிகளில் 853 விக்கெட்டுகள் எடுத்தார்கள். சந்திரசேகர், குமாரைப் போலவே மணிக்கட்டால் சுழற்றுபவர். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு வழி திறந்தவர். அவர் இடத்தில் குமாரை ஆட வைத்திருக்க வேண்டும் என்று சொன்னால் அது அன்பின் பேச்சாகும், உண்மையின் பேச்சாகாது.

அன்பர்கள் தவறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தாம் நேசிக்கும் ஒருவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்று கண்டவுடன், அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடத் தொடங்குகிறோம். தேர்வாளர்கள் நாட்டின் ஐந்து மண்டலங்களிலிருந்து ஆளுக்கொருவராக வந்த காலம் நெடுங்காலம் இருந்தது. 'பம்பாய்க்காரர்கள் சூழ்ச்சி' என்று சென்னையிலும், 'தெற்கத்தியார் சூழ்ச்சி' என்று வேறிடத்திலும் பேசிக்கொண்டார்கள். அந்த ஐயங்களில் சில உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் பேச்சு அந்தத் திசையில் போய்விட்டால், நாம் யாரைப் போற்ற வந்தோமோ அவர் பின்னணிக்குப் போய்விடுகிறார். அவர் வீசிய பந்து மறந்து, அவருக்கு மறுக்கப்பட்ட தொப்பி மட்டும் நினைவில் நிற்கிறது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. "இவர் ஐம்பது டெஸ்ட் ஆடியிருக்க வேண்டியவர்" என்று சொல்லும்போது, டெஸ்டுகளின் எண்ணிக்கையே ஒருவரின் அளவுகோல் என்பதை நாமே ஒப்புக்கொண்டு விடுகிறோம். தேர்வுக் குழுவோடு சண்டையிட்டுக்கொண்டே அதன் கோலை வாங்கி அளக்கிறோம். என் பேராசிரியர் அந்தக் கோலைக் கையில் எடுக்கவேயில்லை.

புகழும் மதிப்பும் பெறுபவனைவிடத் தருபவர்களைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே அவை மனிதனின் உண்மையான நலமாக இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் கண்டார். இது வலிமையான கருத்து. குருமடத்தில் இதைப் படித்தபோது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் பங்குப் பணியில் இறங்கியபின், இந்த உண்மையை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். மாலை வாங்கியவர்கள், மாலை வாங்காதவர்களிடம் சொல்கிறார்கள். எங்கள் ஆலயங்களின் விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கங்களில் வாழ்த்துரை வழங்கிய பெரியோர், பின்பு நன்கொடையாளர் படங்கள், ஆங்காங்கே பங்குத் தந்தையர் படங்கள் (என் படமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்). கல் சுமந்தவர்களுக்கு "மற்றும் உழைத்த அனைவருக்கும் நன்றி" என்று கடைசி வரியில் ஒரு 'மற்றும்' கிடைக்கும். புகழ் ஒரு பொருட்டன்று என்று அந்த 'மற்றும்' மக்களிடம் சொல்ல நமக்கு வாய் வருமா?

இங்கே புனித தோமா அக்குவினாவின் ஒரு சிறு குறிப்பு எனக்குப் பெரிதும் உதவியது. பேராசிரியர் அதை வகுப்பில் நடத்தியிருக்கிறார். நான்தான் தேர்வுக்குப் படித்து மறந்துவிட்டேன். மதிப்புச் செய்தல் என்பது ஒருவரின் மேன்மைக்குச் சாட்சியம் தருவது என்கிறார் அவர். அந்தச் சாட்சியம் கடவுளின் முன் தரப்படும்போது, இதயங்களைத் துருவி அறிபவராகிய அவருக்கு மனச்சான்றே போதும். மனிதர் முன் தரப்படும்போதோ புற அடையாளங்கள் வேண்டும். சொல்லாலோ செயலாலோ அதைக் காட்டியாக வேண்டும்.

நான் அந்தச் சிறுவனிடம் செய்த தவறு இப்போது புலப்பட்டது. "இறைவன் பார்க்கிறார்" என்றேன். அது பொய்யன்று. ஆனால் இறைவன் பார்ப்பதை, நான் பாராமல் இருந்ததற்கு ஒரு திரையாகப் பயன்படுத்தினேன். இறைவனுக்குச் சாட்சி தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவை. அவன் கேட்டது பரிசை அன்று. "ஃபாதர், எனக்காக யாரிடமாவது சொல்லுங்கள்" என்று சிபாரிசும் கேட்கவில்லை. பார்த்தீர்களா என்று மட்டுமே கேட்டான். பதினோரு பேர்தான் ஆட முடியும் என்பதை அவனும் அறிவான். எல்லாரையும் தேர்ந்தெடுக்க எந்த நீதியாலும் இயலாது. ஆனால் பார்ப்பதற்கு இட ஒதுக்கீடும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

எங்கள் தருமபுரி மண்ணில் இதைச் சொல்வது எளிது. இங்கே நடுகற்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆநிரை மீட்கச் சென்று மடிந்தவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள். பல கற்கள் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. பல இன்னும் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. அந்தக் கல்வெட்டுகளில் ஒரு முறைமை உண்டு. முதலில் அரசன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும் வரும். பிறகுதான் வீரன் பெயர், அவன் செய்த செயல். அரசன் அங்கே எதற்கு வருகிறான்? காலத்தைக் குறிப்பதற்கு. நாள்காட்டியாக மட்டும்! கல் எழுப்பப்பட்டதோ, நான்கு மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்ட ஒருவனுக்கு. அவன் எந்தப் பேரரசின் படைத்தலைவனும் அல்லன். அவன் பெயர் அடுத்த ஊரில்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவன் செய்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். கண்டதால் கல் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்லில், வீரனோடு நின்று போராடிய நாய்க்கும் உருவம் உண்டு, பெயரும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். பல்லவர் காலத்து எத்தனையோ அதிகாரிகளின் பெயர் அழிந்துபோயிற்று. ஒரு நாயின் பெயரை ஊரார் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. காட்சி முதலாவது, வாழ்த்து இறுதி. 'காட்சி' என்பது அங்கே தகுந்த கல்லைத் தேடிக் காண்பதைக் குறிக்கும் என்பதை அறிவேன். இருந்தாலும், காணாமல் வாழ்த்த முடியாது என்ற ஒழுங்கு அந்த வரிசையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் அச்சிறுவன் விஷயத்தில் காட்சியைத் தாண்டி நேரே வாழ்த்துக்குப் போனவன்.

திருவிவிலியத்திலும் ஒரு தேர்வு நடக்கிறது. யூதாசின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தபோது, யோவானின் திருமுழுக்கு முதல் ஆண்டவர் விண்ணேற்றமடைந்த நாள் வரை உடனிருந்த ஒருவர் வேண்டும் என்று பேதுரு நிபந்தனை விதிக்கிறார். இருவர் முன்னிறுத்தப்படுகிறார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. மற்றவரை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் திருத்தூதர் பணிகளின் முதல் அதிகாரத்தைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்டவரை 'மத்தியா' என்ற ஒரே பெயரால் குறிக்கும் லூக்கா, தேர்ந்தெடுக்கப்படாதவருக்கு மூன்று பெயர்களையும் எழுதி வைக்கிறார். யோசேப்பு, பர்சபா எனப்பட்டவர், யுஸ்து என்ற பெயரும் அவருக்கு உண்டு. யுஸ்து என்றால் நேர்மையாளர். நிபந்தனை இருவருக்கும் ஒன்றே. இருவரும் அதை நிறைவேற்றியவர்கள். அந்த முழு உடனிருப்பும் சீட்டு விழாததால் குறைந்துபோனதாக லூக்கா எழுதவில்லை. அதன் பிறகு அந்நூலில் யோசேப்பு வருவதில்லை. மத்தியாவும் பெயர் சொல்லி வருவதில்லை.

குமாரைப் போன்றவர்கள் இந்திய மண்ணில் இன்னும் உண்டு. அரியானாவின் ராஜிந்தர் கோயல் முதல்தரப் போட்டிகளில் 750 விக்கெட்டுகள் எடுத்தார். அவற்றில் 637 ரஞ்சிக் கோப்பையில். அப்போட்டியின் வரலாற்றில் அதற்கு மேல் எவரும் எடுத்ததில்லை. டெஸ்ட் ஒன்றுகூட ஆடவில்லை. 1974இல் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான போட்டிக்குப் பேடி விலக்கி வைக்கப்பட்டபோது, கோயல் அழைக்கப்பட்டார். வந்தார், ஆடும் பதினொருவரில் சேர்க்கப்படாமல் திரும்பினார். பேடி தம்மைவிட மேலானவர் என்று மனக்கசப்பின்றிச் சொல்லி வந்த அவர் 2020இல் காலமானார். பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 589 விக்கெட்டுகள் எடுத்தவர். அவரும் டெஸ்ட் ஆடவில்லை. 1972-73 ரஞ்சி இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், நம் தமிழ்நாட்டு அணியை 80க்கும் 61க்கும் சுருட்டியவர் அவர்தான். முதல் இன்னிங்ஸில் 16 ரன்களுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்களுக்கு 5. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் 2025 மார்ச்சில் காலமானார்.

இவ்விருவரையும் பற்றி மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. சுனில் கவாஸ்கர் தாம் போற்றும் வீரர்களைப் பற்றி 'ஐடல்ஸ்' என்றொரு நூல் எழுதினார். உலகப் புகழ்பெற்றவர்களோடு கோயலுக்கும் சிவால்கருக்கும் அதில் இடம் தந்தார். கோயலை எதிர்த்து மட்டை பிடித்தவர் அவர். சிவால்கரோ அவருடைய சொந்த அணியில் அருகே நின்று பந்து வீசியவர். பார்த்தவர் எழுதினார். கிரிக்கெட் வாரியம் அவ்விருவருக்கும் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருதை வழங்கியது 2017இல். கவாஸ்கரின் நூல் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. விருதைக் குறை சொல்ல நான் யார்? தாமதமானாலும் அது நல்ல செயலே. ஆனால் எது முதலில் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரம் ரன்களுக்கு மேல் குவித்த சுப்பிரமணியம் பத்ரிநாத், 2010இல் நாக்பூரில் தம் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் 56 ரன்கள் எடுத்தவர், இரண்டே டெஸ்டுகளோடு நிறுத்தப்பட்டது ஏன் என்று ஒருவர் கேட்பார். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்ட நடராஜனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலைப்பயிற்சியில் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்டவர், மற்றவர்கள் காயமுற்றதால் 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்து, அந்த வரலாற்று வெற்றியில் பங்குபெற்றார். அச்சிறுவன் வீட்டுச் சுவரில் இருப்பது அவர் படம்தான் என்று பின்னர் அறிந்தேன். "அப்புறம் ஏன் டெஸ்டுக்குக் கூப்பிடலை?" என்ற கேள்வியோடு அந்தத் தேநீர்ப் பேச்சு எப்போதும் சூடாகிவிடும். தோளும் முழங்காலும் படும் பாட்டை யாரும் எண்ணுவதில்லை.

நான் இதைச் சொல்வதால், தேர்வுகளில் அநீதியே நடப்பதில்லை என்று பொருளாகாது. நடக்கிறது. பணமும் சாதியும் உறவும் பட்டியலில் பெயர் எழுதும் இடங்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். அத்தகைய இடத்தில் "எல்லாம் இறைவன் சித்தம், பொறுத்துக்கொள்" என்பது பாவத்துக்குத் துணை போவதாகும். அங்கே குரல் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் சாட்சி வேண்டுமே! கண்ணால் பாராதவன் நீதிமன்றத்திலும் பயன்படமாட்டான். அந்தச் சிறுவனுக்கு நேர்ந்தது அநீதியா, அல்லது அவனைவிடச் சிறந்த வேறொருவன் அன்று ஆறு பந்துகள் வீசினானா? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதே என் குற்றம்.

பேராசிரியர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இறுதிச் சடங்கின் மறையுரையில் அவருடைய பட்டங்களையும், வகித்த பொறுப்புகளையும் சொன்னார்கள். எல்லாம் உண்மை. அவர் எந்தப் பெரும் பதவிக்கும் உயர்த்தப்படாததைப் பற்றி வெளியே சிலர் மெல்லப் பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதை நாங்கள் புரிந்துகொள்ளும் வரை சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு பேசாமல் நிற்பாரே, அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் பார்த்திருந்தேன்.

இப்போது சன்னலைச் சாத்துவதில்லை. கட்டளைச் செபத்தைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொண்டு, ஐந்தரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு பொட்டல் வெளியின் ஓரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறேன். முதல் சில நாள்கள் பையன்கள் தயங்கினார்கள். நான் கண்டிக்க வந்திருப்பதாக எண்ணியிருப்பார்கள் போலும். பிறகு என்னை மறந்துவிட்டார்கள். அச்சிறுவன் லெக் ஸ்பின் வீசுகிறான் என்பது முதல் நாளே தெரிந்தது. நன்றாக வீசுகிறானா என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சில நாள் நன்றாக வீசுகிறான். சில நாள் பந்து அவன் சொல் கேட்பதில்லை. மட்டையாளன் தலைக்கு மேலே போகிறது. ஒருநாள் மாலை நாற்காலியை எடுத்துக்கொண்டு நான் திரும்பும்போது அவன் கூட நடந்து வந்தான். "தம்பி, கடைசி ஓவரில் நாலாவது பந்து, எல்லாரும் வெளியே போகும் என்று பார்த்தோம், உள்ளே வந்ததே, அது கூக்ளிதானே?" என்று கேட்டேன்.

அவன் நின்று சிரித்தான். "இல்ல ஃபாதர். கை வழுக்கிடுச்சு."